நாட்காட்டிக் கருவிக்கு ஒரு குறிப்பேடு

சங்கத்தின் காரியங்கள் யாவும் தேதியை நம்பியே நடக்கின்றன. நூல் பட்டுவாடாவுக்கு ஒரு நாள், நெய்த துணியை ஒப்படைக்க ஒரு நாள், மிளகு எடை போட ஒரு நாள், கடன் தவணைக்கு ஒரு கெடு. கொல்லிமலையிலிருந்து மூட்டையுடன் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி வரும் அங்கத்தினரிடம் "எடை நேற்றே முடிந்துவிட்டது" என்று சொன்னால், பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் அவருக்கு நஷ்டம்.

இப்பொழுது நாட்காட்டியைத் திருத்த ஒரு புதிய குமாஸ்தா வந்திருக்கிறது. செயற்கை அறிவு முகவர் என்று அதனை அழைக்கின்றனர். நாம் பேச்சு மொழியில் சொல்வதைப் புரிந்துகொண்டு, தானே வேலையைச் செய்யும் கணினி நிரல் அது. ஆயினும் நாட்காட்டியை அது நேரே தொட இயலாது. பார்த்தல், சேர்த்தல், மாற்றுதல், நீக்குதல் ஆகியவற்றுக்கென அமைந்த மென்பொருள் கருவி ஒன்று அதற்கு வேண்டும்.

இத்தகைய கருவிகளை இணைக்க, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொது நெறியை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கருவிக்கும் பெயர் உண்டு. அதன் பயன் இன்னதென்ற விளக்கம் உண்டு. என்னென்ன விவரம் தரவேண்டும் என்ற பட்டியலும் உண்டு. முகவர் பெரும்பாலும் இவ்விளக்கத்தைப் படித்தே கருவியைக் கையாள்கிறது. விளக்கம் குறைபட்டால் வேலையும் குறைபடும். கருவியைச் செய்பவர் பொறியாளராயினும், நம் வழக்கங்களை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. அக்குறிப்பேட்டில் இடம்பெற வேண்டியவை நான்கு.

முதலாவது, தேதி. 4-5 என்றால் நமக்கு மே மாதம் 4-ஆம் தேதி. அமெரிக்கருக்கோ ஏப்ரல் 5. ஆகவே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2026-05-04 என எழுதுமாறு விதிக்க வேண்டும். "அடுத்த வெள்ளி" என்று புதன்கிழமை ஒருவர் சொன்னால், இவ்வாரமா வருகிற வாரமா என்று முகவர் கேட்டுத் தெளிய வேண்டும்.

இரண்டாவது, மணி. உலகப் பொது நேரத்துக்கு நம் நேரம் ஐந்தரை மணி முந்தியது. காலை 9 மணிக் கூட்டத்தை நேர மண்டலம் குறிக்காமல் பதிந்து, கணினி அதனைப் பொது நேரமாகக் கொண்டால், பிற்பகல் 2.30 என்று காட்டும். 'ஆசியா/கொல்கத்தா' என்னும் மண்டலத்தை ஒவ்வொரு பதிவிலும் குறிக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மீண்டும் மீண்டும் வரும் நாட்கள். 1998-இல் வெளியாகி 2009-இல் திருத்தப்பட்ட 'ஐகேலண்டர்' நெறியில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளக் குறி உண்டு; வாரந்தோறும் வருவதை ஒரே விதியால் எழுதலாம்; இடையில் ஒரு நாளை மட்டும் விலக்கவும் வழியுண்டு. புதன்தோறும் நூல் கொடுக்கிறோம்; ஒரு புதன் விடுமுறை. விளக்கம் தெளிவாயில்லையெனில், முகவர் எல்லாப் புதன்களையும் அழித்துவிடக்கூடும். "இந்நாள் மட்டுமா, இந்நாள் முதலா, எல்லாமா" என்று பிரித்துக் கூறுதல் அவசியம். ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் 2-இலோ 3-இலோ வருவது. அதனை ஆண்டுதோறும் ஒரே ஆங்கிலத் தேதியில் வருமாறு பதிந்தால் சில ஆண்டுகளில் பிசகும். பஞ்சாங்கம் பார்த்து ஆண்டுக்கு ஆண்டு சேர்ப்பதே சரி.

நான்காவது, நீக்குதல். எந்தக் கருவி பார்க்க மட்டும், எது அழிக்கவும் வல்லது என்று குறிக்க மேற்சொன்ன பொது நெறி இடம் தருகிறது. எனினும் அது அறிவிப்பே, பூட்டு அன்று. பதிவின் தலைப்பு, தேதி, அடையாளக் குறி மூன்றையும் காட்டி, காரியதரிசியின் சம்மதம் பெற்ற பின்னரே நீக்குமாறு கருவியையே அமைக்க வேண்டும். வேலை நிறைவேறாவிடில் "பிழை" என்று மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சொல்ல வேண்டும். பதில் வராதபோது முகவர் மறுபடியும் பதிந்து, ஒரே கூட்டம் இரண்டாகிவிடலாம்; முதலில் பார்த்துவிட்டுச் சேர்க்குமாறு எழுதுவது நலம்.

குறிப்பேடு முடிந்தபின் வெற்று நாட்காட்டி ஒன்றில் அதனைச் சோதிக்க வேண்டும். தறிக்காரர் ஒருவரும் மலை விவசாயி ஒருவரும் தத்தம் பேச்சிலேயே பத்து வேலைகளைச் சொல்லட்டும். முகவர் தவறும் இடத்தில் குறிப்பைத் திருத்துவோம்.

இவை யாவும் பழைய குமாஸ்தாவின் மனத்தில் இருந்தவையே. அவர் விடுப்பில் சென்ற நாட்களில் நாம் தடுமாறியதும் உண்டு. எழுதி வைத்தால், கணினிக்கு மட்டுமன்றி, நாளை வேலைக்கு வரும் இளைஞருக்கும் அது உதவும். தங்கள் வேலையில் எந்தத் தேதி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் எழுதிக் கொண்டுவந்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.