அடுப்படித் துணியும் குழாய்த் தண்ணீரும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் அடுப்படி என்பது பல வீடுகளில் ஒரு மூலைதான். ஆணியில் ஒரு துணி தொங்கும். சோற்றுப் பானையை இறக்க, மேடையைத் துடைக்க, கழுவிய தட்டின் ஈரத்தை ஒற்ற, பிள்ளையின் வாயைத் துடைக்க எல்லாவற்றுக்கும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை கறி அரிந்த கையும் அதில்தான் துடைபடுகிறது.

மொரீஷியஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மாதம் புழங்கிய 100 சமையலறைத் துணிகளைச் சோதித்து, 2018இல் முடிவைச் சொன்னார்கள். 49 துணிகளில் கிருமி வளர்ந்திருந்தது. பல வேலைக்கும் ஒன்றாக இருந்த துணியிலும், ஈரம் உலராத துணியிலும் அதிகம். குடலில் வாழும் கிருமிகளோடு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸும் இருந்தது. மூக்கிலும் சீழ்ப்புண்ணிலும் இருக்கும் இந்தக் கிருமி, ஆறிப்போன சோற்றிலோ குழம்பிலோ சேர்ந்து சில மணி நேரம் கிடந்தால் நஞ்சைச் சுரக்கும். மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி பிடுங்கிவிடும். "நல்லா சுடவச்சுதானே போட்டேன்" என்று அம்மாக்கள் திகைப்பது இதனால்தான். பிள்ளைக்கு வாந்தி, பேதி என்றால் ஒரு லிட்டர் பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிள்ளை சோர்ந்து படுத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய வேட்டியைக் கிழித்தாலே போதும்: சட்டி இறக்க ஒன்று, பாத்திரம் துடைக்க ஒன்று, கைக்கு ஒன்று. கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே துணியைத் தொட வேண்டும். துணியைத் தினமும் மாற்றி, சோப்பில் அலசி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் மொறமொறப்பாகக் காயப்போடுங்கள். பிளீச்சிங் பவுடரில் ஊறவைப்பவர்கள் அதோடு கக்கூஸ் ஆசிட்டைச் சேர்த்துவிடக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலையே அரித்துவிடும். இந்த ஊருக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடியது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் போகவில்லை. காற்று வீசும் நாளில் அந்தத் தூசி கொடித்துணியில் படியும். அன்று வீட்டுக்குள் ஜன்னலோரம் உலர்த்துவதே நல்லது.

ஆனால் குடத்தை எண்ணிப் புழங்கும் வீட்டிடம் தினமும் துவை என்பது பாதிப் பேச்சுதான். தண்ணீர், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. உங்கள் லைனுக்கு எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் விட வேண்டும், எந்தெந்த நாளில் விட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நகரசபையைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

ஓட்டலிலும் இதே துணி மேசை மேல் ஓடுகிறது. அசுத்தமாக உணவு தயாரிப்பவருக்கு, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பில்லையும் ஒரு போட்டோவையும் வைத்து, கோலார் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் தயங்காமல் புகார் கொடுங்கள்.