கவனக்குறைவும் போதைப் பழக்கமும்: ஒரு குளிசை பற்றிய கேள்வி

இத்தாலியின் பலெர்மோ நகரில் பல்லாரோ சந்தையைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. 1980களிலிருந்து இங்கு வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் காய்கறியும் மீனும் வாங்கப் போகும் இடம் அது. அதே பகுதியில்தான் கிராக் எனப்படும், புகைக்கும் வகைக் கொக்கெய்ன் கடந்த சில ஆண்டுகளாக மலிவாகப் புழங்குகிறது. பெற்றோர்களும் மாணவர்களும் தொண்டு அமைப்புகளும் குரல் எழுப்பியதன் பேரில், போதைப் பழக்கத்தைத் தடுக்கவும் சிகிச்சை தரவும் சிசிலி மாநிலச் சட்டமன்றம் 2024-இல் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது.

இந்தச் சூழலில் பிள்ளை வளர்க்கும் தமிழ்த் தாய் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பத்து வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி இருப்பதாகச் சொன்ன மருத்துவர், மெத்தில்பெனிடேட் என்ற மருந்தை எழுதிக் கொடுத்திருந்தார். "தம்பி, உந்தக் குளிசையும் கொக்கெய்ன் மாதிரித்தான் வேலை செய்யுமெண்டு சொல்லுகினம். இப்பவே குடுத்துப் பழக்கினா, பிள்ளை வளந்தாப் பிறகு போதைக்கு அடிமையாப் போயிடுவானோ?"

நான் மருத்துவன் அல்லன். பொறியியலில் முதுகலை முடித்து, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் அக்காவின் கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. ஆய்வுகளைத் தேடிப் படித்ததில் அறிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில், ஏ.டி.எச்.டி என்றால் என்ன? தமிழில் 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு' எனலாம். ஒரு வேலையில் மனம் நிலைக்காது; கை கால் சும்மா இராது; யோசிக்கும் முன்பே செயல் நடந்துவிடும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் 5 விழுக்காட்டினருக்கும், பெரியவர்களில் சுமார் 2.5 விழுக்காட்டினருக்கும் இது உண்டு எனக் கணக்கிடுகிறார்கள். இதில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்று தாயைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை.

போதைப் பழக்கத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா? உண்டு. பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 27 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த 2011-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகள் பின்னாளில் நிக்கோட்டினுக்கு அடிமையாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு என்றது. கொக்கெய்ன் சிக்கலுக்கு அது ஏறத்தாழ 2 மடங்கு. மறுபுறத்திலிருந்து பார்த்தாலும் இதே கதைதான். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுவோரில் சுமார் 23 விழுக்காட்டினருக்கு ஏ.டி.எச்.டி இருப்பதாக 2012-இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பாய்வு சொன்னது.

ஆனால் இதைத் தலைவிதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அபாயம் இரு மடங்கு என்றால் எல்லோரும் விழுவார்கள் என்று பொருளில்லை. ஏ.டி.எச்.டி உள்ளவர்களில் பலர் எந்தப் பழக்கமும் இல்லாமல் வாழ்கிறார்கள்.

தொடர்புக்குக் காரணங்கள் பல. விளைவை எண்ணாமல் செயல்படும் சுபாவம், முதல் சிகரெட்டைச் சிறு வயதிலேயே கையில் எடுக்க வைக்கிறது. பள்ளியில் தொடர்ந்து தோற்று, திட்டு வாங்கி, ஒதுக்கப்படும் பிள்ளை, அவனைப் போலவே ஒதுக்கப்பட்டவர்களோடு சேர்கிறான். இரண்டுக்கும் பொதுவான மரபணுக் கூறுகளும் உண்டு. இன்னொன்று, தனக்குத் தானே மருந்து போட்டுக்கொள்வது. அலையும் மனத்தைச் சிறிது நேரமாவது அடக்க ஏதோ ஒரு பொருள் உதவினால், மனிதன் அதையே திரும்பத் தேடுவான். அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985-இல் இக்கருத்தை விரிவாக முன்வைத்தார்.

இனி, குளிசைக்கு வருவோம். மெத்தில்பெனிடேட்டும் கொக்கெய்னும் மூளையில் டோபமினைத் திரும்ப உறிஞ்சும் அதே புரதத்தைத்தான் அடைக்கின்றன. அக்கா கேள்விப்பட்டது அந்த அளவில் சரி. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. புகைத்த கிராக் சில நொடிகளில் மூளையைத் தொடும். விழுங்கிய மாத்திரை உச்ச விளைவை எட்ட ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நோரா வோல்கோவ் குழுவினர் மூளைப் படங்களின் மூலம் இதைக் காட்டினார்கள். எங்கள் துறையில் ஓர் உதாரணம் சொல்வதானால், ஒரு லட்சம் வேண்டுகோள்கள் நாள் முழுவதும் பரவலாக வந்தால் சர்வர் தாங்கும். அத்தனையும் ஒரே நொடியில் வந்தால் விழுந்துவிடும். போதை என்பது அந்தத் திடீர் ஏற்றத்தில் பிறப்பது.

நீண்டகால விளைவு என்ன? 15 ஆய்வுகளைத் திரட்டிய 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை, சிறு வயதில் இம்மருந்து எடுப்பது பிற்காலப் போதைப் பழக்கத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்றது. சுவீடனில் ஏ.டி.எச்.டி உள்ள சுமார் 38,000 பேரை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து எடுத்தவர்களிடம் போதைச் சிக்கல்கள் 31 விழுக்காடு குறைவாக இருந்தன. இது கவனித்து எழுதிய கணக்கே தவிர, சோதனை அன்று. ஆகவே காரணத்தை முழுதாக நிரூபிக்காது. ஆனால் 'மருந்தே அடிமையாக்கும்' என்ற அச்சத்துக்கு இவற்றில் ஆதாரம் இல்லை.

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியிலேயே ரிட்டாலின் 1989-இல் சந்தையிலிருந்து மறைந்து, 2007-இல்தான் மெத்தில்பெனிடேட் திரும்பி வந்தது. அப்போதும் சிறப்பு மையங்கள், தேசியப் பதிவேடு என்ற கட்டுப்பாடுகளோடு. அக்கட்டுப்பாட்டில் நியாயமும் உண்டு. பிறருக்கு விற்கவும், பொடியாக்கி உறிஞ்சவும் முடியும் மருந்து இது. மாத்திரை பெற்றோர் கையில் இருக்க வேண்டும்; எடையையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவர் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ஏற்கனவே பழக்கத்தில் விழுந்துவிட்டவர்களுக்கு? "முதலில் போதையை விடு, பிறகு மற்றதைப் பார்ப்போம்" என்பது பழைய வழக்கம். இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும் என்று 2018-இல் பன்னாட்டு நிபுணர்கள் கூட்டாகப் பரிந்துரைத்தார்கள். விட்ட புதிதில் யாருக்கும் மனம் அலையும் என்பதால், குழந்தைப் பருவத்திலேயே அறிகுறிகள் இருந்தனவா என்று விசாரிப்பது அவசியம். அங்கே தாயின் நினைவும் பழைய பள்ளி அறிக்கைகளும் மருத்துவருக்குப் பெரிய உதவி.

இங்குள்ள தமிழர்கள் அறிய வேண்டியவை சில. பிள்ளைகளுக்கு 'நெயூரோப்சிக்கியாத்ரியா இன்ஃபந்தீலே' என்ற அரசுப் பிரிவும், போதைப் பழக்கத்துக்கு 'சேர்-டி' என்ற அரசு நிலையங்களும் உள்ளன. சேர்-டியில் பெயரை மறைத்துச் சிகிச்சை கேட்கும் உரிமையை 1990-ஆம் ஆண்டுச் சட்டமே தருகிறது. வதிவிட அனுமதி இல்லாதவர் மருத்துவம் நாடினால், அதற்காக அவரைக் காவல்துறைக்குக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்கிறது 1998-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். மருத்துவரிடம் மொழிபெயர்க்கப் பிள்ளையையே நிறுத்தாதீர்கள். தன் குறையைத் தானே தாய்க்குச் சொல்லும் பாரம் அவனுக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 1980-இல் தொடங்கிய சென்னை டி.டி.கே. மருத்துவமனையும், பெங்களூரு நிம்ஹான்ஸும் தெரிந்த பெயர்கள்தாம்.

குளிசை கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பெற்றோரும் மருத்துவரும்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும்போது, மருந்தின் அபாயத்தோடு மருந்தில்லாமல் விடுவதன் அபாயத்தையும் சேர்த்துத் தராசில் வைக்க வேண்டும். "குழப்படிக்காரன்" என்று பெயர் சூட்டி விட்டுவிட்ட பிள்ளைக்கும், கையில் சிகரெட் நீட்ட யாரோ ஒருவர் தெருமுனையில் காத்திருக்கிறார்.