பரணைக் காலி செய்யும் முன்

வீட்டை ஒழுங்கு செய்யக் கிளம்பியதும் பலர் முதலில் வாங்கி வருவது பிளாஸ்டிக் கூடைகளையும் டப்பாக்களையும்தான். அது கடைசி வேலை. வேண்டாதது வெளியே போன பிறகுதான் மிச்சத்துக்கு என்ன வேண்டும் என்றே தெரியும்.

பொருள் தேங்குவதற்குச் சோம்பலைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடாத மிக்சியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால்தான் அது பரணுக்குப் போகிறது. ஆகவே எதையும் கீழே இறக்கும் முன், எது எந்த வழியாக வெளியே போகும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேப்பர், அட்டை, இரும்பு எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். காலாவதியான மாத்திரை, பியூஸ் போன பல்பு, பேட்டரி ஆகியவற்றை மற்ற குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாகத் தர வேண்டும். பழைய செல்போன், சார்ஜர், மிக்சி போன்றவை மின்னணுக் கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடமோ, பழையதை எடுத்துக்கொள்ளும் கடைகளிலோ சேர்க்கலாம். செல்போனில் இருப்பதை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

பாத்திரத்தில்தான் நிதானம் தேவை. பாட்டி காலத்து மூட்டையைப் பிரித்தால் பித்தளை, வெண்கலம், ஈயம், அலுமினியம் எல்லாம் ஒன்றாகக் கறுத்துக் கிடக்கும். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. வெண்கலத்துக்கு விலை கூடுதல். ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பார்த்தால் நசுங்கிய அலுமினியம் போலவே இருக்கும். நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அலுமினியத்தைவிடப் பல மடங்கு விலை. ஒரே தராசில் கொட்டிவிடாமல், முதலில் புளி போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பெயர் பொறித்த பாத்திரம் என்றால் வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பது மரியாதை. தினமும் புழங்குவதாக இருந்தால் பரணிலிருந்து அடுப்படிக்கே கொண்டு வந்துவிடலாம்.

காகிதங்களை ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், படிப்புச் சான்றிதழ்களை எறியவே கூடாது. பத்திரத்தை லேமினேட் செய்யவும் கூடாது, பிறகு பிரிக்க முடியாது. வில்லங்கச் சான்றிதழ் வேண்டும்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், பழைய நகல்களுக்காக ஒரு பீரோத் தட்டை ஒதுக்க வேண்டியதில்லை. ஆதார், பான் அட்டை ஜெராக்ஸ்களைக் கிழிக்காமல் பேப்பர்காரரிடம் போடாதீர்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை, எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம் இது.

துணிக்கு ஒரே கேள்வி போதும்: நாளை வெளியே போக இதை உடுத்துவேனா? தானமாகக் கொடுப்பது என்றால் துவைத்து, பட்டன் தைத்து, மடித்துக் கொடுங்கள். கிழிந்தது தரை துடைக்கத்தான்.

எல்லாவற்றையும் போகிக்கு ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டம் சூழ்ந்து விமானங்களே தாமதமாயின. டயர், பிளாஸ்டிக் புகை முதலில் பாதிப்பது குழந்தைகளையும் ஆஸ்துமாக்காரர்களையும். மார்கழி பிறந்ததும் வாரம் ஓர் இடமாக எடுத்துக்கொள்ளலாம்: முதலில் அடுப்படி, அப்புறம் பீரோ, பிறகு காகிதம், கடைசியில் பரண். போகி வருவதற்குள் எரிக்க எதுவும் மிஞ்சாது.