மூச்சுக்குச் சொந்த ஊர் கழுத்து

“கழுத்தைத் திருகி நெட்டி எடுத்தால் பையனுக்கு வீசிங் போய்விடும் என்கிறார் ஒருவர். கூட்டிப்போகலாமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியல்ல. மூச்சை இழுக்கும் முக்கியத் தசை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்ந்திருக்கும் உதரவிதானம். அதற்கு உத்தரவு கொண்டுவரும் நரம்போ கழுத்தில், 3, 4, 5-ஆம் நரம்பு வேர்களில் புறப்பட்டு, இதயத்தை ஒட்டியபடி அவ்வளவு தூரம் இறங்கி வருகிறது. ஏன் இந்தச் சுற்று? கருவில் உதரவிதானம் உருவாகத் தொடங்குவதே கழுத்துப் பக்கம்தான். பிறகு அது கீழே இறங்க, நரம்பும் கூடவே நீண்டது. என் அப்பா முப்பது வருடம் சென்னையில் வேலை பார்த்தார். ரேஷன் கார்டு மட்டும் கடைசிவரை மன்னார்குடியில். அதே கதைதான்.

லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்த மறுநாள் என் அக்கா, “வயிறு பரவால்லடா, தோள்பட்டைதான் உயிர் போகுது” என்றாள். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்தியிருக்கிறது. புகார் பழைய விலாசத்துக்குப் போனது. தோளின் தோலுக்கும் உணர்வு கழுத்தின் அதே பகுதியிலிருந்துதான் வருகிறது. மூளை ஆளை மாற்றிப் பிடித்துவிட்டது.

ஆனால் வீசிங்கில் பழுது இந்த நரம்பில் இல்லை. வீங்கிச் சுருங்கிய மூச்சுக்குழாய்களில் இருக்கிறது. கழுத்தில் கேட்கும் ‘சடக்’கும் எலும்பு நேராகும் ஓசையல்ல, மூட்டுத் திரவத்தில் வாயு செய்யும் வேலை. கனடாவில் 91 ஆஸ்துமாக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முதுகெலும்புச் சொடுக்கு சிகிச்சையும் மற்றதற்கு அதேபோன்ற பாவனையும் நான்கு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1998-ல் வெளியானது. இரு பிரிவிலும் குழந்தைகள் கொஞ்சம் தேறியதாகச் சொன்னார்கள். நுரையீரல் அளவுகளில் அசல் சிகிச்சை பாவனையை மிஞ்சவில்லை.

கெடுதல் மட்டும் நிஜம். மூளைக்குப் போகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்பின் துளைகள் வழியே ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. 2017-ல் டெல்லிப் பக்கம் சலூனில் கழுத்தை முறுக்கிக்கொண்ட ஒருவருக்கு உதரவிதான நரம்பே செயலிழந்து, வெண்டிலேட்டர் வரை போனதாகப் பத்திரிகைகள் எழுதின. முடிவெட்டியதும் இலவசமாகக் கிடைக்கிறதே என்று தலையைக் கொடுத்துவிடுகிறோம்.

அம்மா, பையனைக் கூட்டிப்போக வேண்டாம். அவர் பேச்சைக் கேட்டு இன்ஹேலரை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி மறுபடி ஆரம்பியுங்கள்.