சுரங்கச் செல்வரும் பந்தாட்டக் களமும்

மண்ணைத் தோண்டிப் பொருள் ஈட்டியவர் பலர்; அப்பொருளில் ஒரு பங்கை விளையாட்டுக் களத்திற்கு அளித்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் கோவாவின் வாசுதேவ மகாதேவ சல்காவ்கர் (1916–1984).

கோவாவின் மலைச்சரிவுகளில் இரும்புத் தாது மிகுதி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானின் எஃகு ஆலைகள் அதனை நாடின. தாது படகுகளில் மாண்டோவி, சுவாரி ஆறுகளின் வழியே மர்மகோவாத் துறைமுகம் சேர்ந்து, கப்பலேறியது. இத்தொழிலில் உயர்ந்த சல்காவ்கர், 1956-ஆம் ஆண்டில் ஒரு கால்பந்துக் கழகம் கண்டார். அப்பொழுது கோவா போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. 1961 டிசம்பரில்தான் விடுதலை பெற்றது.

ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ளும் வழக்கம் அந்நாளில் நம் நாட்டில் வேரூன்றவில்லை. எனவே, ஆட்டக்காரருக்கு நிறுவனத்திலேயே வேலை தரும் முறை வழங்கிற்று. மாதச் சம்பளம் உறுதியானதால் ஏழை இளைஞனும் கவலையின்றிப் பயிற்சி பெற்றான். டெம்போ என்ற சுரங்க நிறுவனத்தாரும் இவ்வாறே ஒரு கழகத்தை வளர்த்தனர்.

பயன் விரைவில் தெரிந்தது. 1984-இல் சென்னையில் நடந்த சந்தோஷ் கோப்பைப் போட்டியில் கோவா வென்றது. அதன் தலைவர், சல்காவ்கர் கழகத்தில் நெடுநாள் ஆடிய கோல் காவலர் பிரமானந்த் சங்க்வால்கர். கழகம் 1998–99-இல் தேசிய லீக்கையும், 2010–11-இல் ஐ-லீக்கையும் வென்றது.

வேறு நாடுகளிலும் இத்தகையோர் உண்டு. தென்னாப்பிரிக்கச் சுரங்க அதிபர் பாட்ரிஸ் மொட்செபே 2021-இல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார்.

ஆயினும், செல்வரின் ஆதரவு என்றும் நிலைத்திருக்குமா? 2012-இல் கோவாவின் சுரங்கங்கள் அரசாணையாலும் நீதிமன்ற ஆணையாலும் நின்றன. 2016-இல், நாட்டின் லீக் அமைப்பை மாற்றும் திட்டத்தை ஏற்காமல், சல்காவ்கர் கழகம் ஐ-லீக்கிலிருந்து விலகியது. காரணங்கள் வேறாயினும் பாடம் ஒன்றே: ஒரே தூணில் நிற்கும் பந்தலுக்கு, அத்தூண் சாய்ந்தால் வேறு தாங்கல் இல்லை.

நம் வத்தலக்குண்டுப் பகுதியில் இரும்புச் சுரங்கம் இல்லை. தென்னையும் வாழையும் உண்டு. ஊரார் பலர் ஆளுக்குச் சிறிது பொருள் தந்து, மைதானத்தைச் செப்பனிட்டு, மாலைதோறும் பிள்ளைகளைப் பயிற்றுவித்தால், அக்களம் எந்த ஒருவரின் செல்வத்தையும் நம்பி நிற்க வேண்டியதில்லை. வள்ளலை வாழ்த்துவோம், அவர் தொடங்கியதைக் காக்கும் கடமையை நாமே ஏற்போம்.