முதலாண்டு வகுப்பறை – 6: பதினொன்றில் விட்ட பாடம்

போன வாரம் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்கில் நிறுத்தினோம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. இந்த 200-ல் பதினொன்றாம் வகுப்புக்கு அரை மதிப்பெண்கூட இல்லை. முதலாண்டு இயற்பியல் ஆசிரியரின் தலைவலியில் பாதி இங்கேதான் ஆரம்பம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் மெக்கானிக்ஸ் முழுவதும் பதினொன்றில் இருக்கிறது. நியூட்டன் விதிகள், வேலை, ஆற்றல், சுழலும் பொருள்கள், ஈர்ப்பு, அலைவுகள் எல்லாம் அங்கேதான். பன்னிரண்டில் மின்சாரம், காந்தம், ஒளி, அணு, எலக்ட்ரானிக்ஸ். கட்-ஆஃபைப் பன்னிரண்டு மட்டும்தான் முடிவு செய்யும் என்றால், ரிசல்ட்டுக்குப் பெயர்போன பள்ளிகள் சும்மா இருக்குமா? பதினொன்றில் சேர்ந்த சில மாதங்களிலேயே அடுத்த வருடப் புத்தகத்தைப் பிரித்துவிடுவார்கள். ஒரே புத்தகத்தை ரெண்டு வருஷம் உருப்போட்டால் சென்டம் வராமல் எங்கே போகும்? இதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2018-லேயே, உயர்கல்விச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் தேவையில்லை என்று அரசு அறிவித்துவிட்டது. அதோடு தேர்வின் மேல் இருந்த பயம் போயிற்று. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது தேர்வும் போயிற்று.

அந்தப் பிள்ளைகள்தான் எங்களிடம் வருகிறார்கள். ஆவடி, அம்பத்தூர், திருவேற்காடு, பூந்தமல்லி என்று மேற்குப் புறநகரைச் சுற்றினால் ஒரு பொறியியல் கல்லூரியாவது கண்ணில் படாமல் போகாது. காலையில் சி.டி.எச். சாலையிலும் பூந்தமல்லி பைபாஸிலும் வரிசைகட்டி நிற்பவை காலேஜ் பஸ்கள். திருவள்ளூர், திருத்தணி, அரக்கோணம் பக்கத்துப் பிள்ளைகள் மின்சார ரயிலில் ஆவடியிலோ திருநின்றவூரிலோ வந்து இறங்கி அந்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள் நிறைய. ஒரே பெஞ்சில் கட்-ஆஃப் 140-ம் உட்கார்ந்திருக்கும், 190-ம் உட்கார்ந்திருக்கும்.

முதல் வாரத்தில் அவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். கையை விட்டாயிற்று, பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்த நொடியில் பந்தின்மேல் என்னென்ன விசைகள்?

பதில் கிட்டத்தட்ட எல்லா வருடமும் ஒன்றுதான். "கை குடுத்த ஃபோர்ஸ் மேல சார். கிராவிட்டி கீழ. மேல இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்துகிட்டே வரும். உச்சியில ரெண்டும் ஈக்வல் ஆயிடும். அப்புறம் கிராவிட்டி ஜெயிச்சுரும்."

இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. கி.மு. 2-ம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்க வானியலாளர் சொன்னதும் இதையேதான். பைசாவில் இருந்த இளம் கலிலியோ 1590 வாக்கில் எழுதிய 'டி மோட்டு'விலும் ஏறக்குறைய இதே விளக்கம் இருக்கிறது. கலிலியோவே அதிலிருந்து வெளியே வரப் பல வருடம் ஆயிற்று. நம் பையனுக்கு நாம் தருவது ஒரு செமஸ்டர்.

விடையை நான் உடனே சொல்வதில்லை. நாலு விடைகளைப் போர்டில் எழுதி, விரலால் ஓட்டுப் போடச் சொல்வேன். விரலை நெஞ்சோடு ஒட்டி வைத்துக் காட்ட வேண்டும், பக்கத்துப் பெஞ்சுக்குத் தெரியக் கூடாது. பிறகு வேறு விடை சொன்னவரைத் தேடிப் பிடித்து வாதாடச் சொல்வேன். ஐந்து நிமிடம் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை என்று புகார்கூடப் போனதுண்டு. அந்தக் கூச்சலுக்குள்தான் யாராவது ஒரு பெண் கேட்பாள்: "உச்சியில ரெண்டும் ஈக்வல்னா பந்து அங்கயே நிக்கணுமேடா, ஏன் கீழ வருது?" எதிரே இருப்பவனிடம் பதில் இருக்காது. கையை விட்ட பிறகு பந்தின்மேல் புவியீர்ப்பு ஒன்றுதான், மேலே போகும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் அதே அளவு, அதே கீழ்நோக்கிய திசை என்பதை அதன்பின் நான் சொன்னால் காதில் ஏறும். வாதம் முழுக்கத் தமிழில்தான் நடக்கும். ஆங்கில வழியில் படித்தவர்களும் சண்டை என்று வந்தால் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள்.

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய சகாக்களும் 1992-ல் ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். கணக்கு இல்லை, சூத்திரம் இல்லை. விசை என்றால் என்ன என்பது புரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் அப்ஜெக்டிவ் கேள்விகள். மேலே எறிந்த பந்தும் அதில் உண்டு. ஹார்வர்டில் பாடம் நடத்திய எரிக் மஸூர் இந்த வகைக் கேள்விகளைத் தம் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளைப் போட்டவர்களே இதில் தடுமாறினார்கள். தம் வகுப்புகள் நன்றாகப் போவதாக அதுவரை நினைத்திருந்தவர், 1990-களின் தொடக்கத்தில் சொற்பொழிவைக் குறைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட வைக்கும் முறைக்கு மாறினார். சரியான விடை 30 முதல் 70 விழுக்காடு வரை இருந்தால் வாதம் நன்றாக நடக்கும் என்பது அவர் அனுபவம். அங்கே விடையைப் பதிய எலக்ட்ரானிக் கருவி வந்தது. நமக்கு விரல் போதும்.

பலன் உண்டா? ரிச்சர்ட் ஹேக் 1998-ல் 62 வகுப்புகளின், 6,542 மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்தார். பாடம் தொடங்கும் முன் தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கை மாணவர் பிடித்தார் என்பதுதான் அவருடைய அளவுகோல். ஆசிரியர் பேச, மாணவர் எழுதிக்கொள்ளும் வகுப்புகளில் சராசரி 23 விழுக்காடு. மாணவர் யோசித்து, வாதாடிப் படித்த வகுப்புகளில் 48. ஹேக்குக்குத் தரவு அனுப்பியவர்கள் தாங்களாக முன்வந்த ஆசிரியர்கள் என்பதை மறக்கக் கூடாது. அதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும் இடைவெளி பெரிதுதான்.

சரி, நம் ஊர் நேர அட்டவணைக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் இன்ஜினியரிங் பிசிக்ஸுக்கு 45 பீரியட், 5 யூனிட். யூனிட்டுக்கு 9. அதற்கு முந்தைய 2017 பாடத்திட்டம் பொருள்களின் மீள்தன்மையில் தொடங்கியது. 2021-ல் முதல் யூனிட்டே மெக்கானிக்ஸ் ஆயிற்று. நல்ல முடிவு என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த 9 பீரியடில் நிறை மையம், திருப்பு விசை, நிலைமத் திருப்புத்திறன், கோண உந்த அழிவின்மை, கைரோஸ்கோப், முறுக்கு ஊசல், இரட்டை ஊசல் என எல்லாம் வர வேண்டும். பதினொன்றைப் படித்திருந்தால் முடியும். படிக்கவில்லை என்பதைப் பாடத்திட்டம் எழுதியவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இதில் கைரோஸ்கோப் மேல் எனக்குத் தனிப் பிரியம். காரணம் ஊர். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை (எச்.வி.எஃப்.) 1961-ல் வந்தது. முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் அங்கிருந்து வெளியே வந்தது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.ஈ. ஆய்வகமும் ஆவடியில்தான். டாங்கி மேடுபள்ளத்தில் குதித்து ஓடும்போதும் பீரங்கிக் குழல் குறியை விட்டு நகராமல் நிற்கிறதே, அதற்கு கைரோஸ்கோப் வேண்டும். குழல் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று அது உணர்ந்து சொல்ல, குழலை நகர்த்தும் இயக்கி எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்கிறது. இப்போது பல இடங்களில் சுழலும் சக்கரத்துக்குப் பதில் ஒளியிழையும் லேசரும் அந்த உணர்வு வேலையைப் பார்க்கின்றன. லேசர் மூன்றாம் யூனிட்டில் இருக்கிறது. அப்பா எச்.வி.எஃப்.பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் எப்போதும் சிலர் உண்டு. அவர்களும் 'கைரோஸ்கோப்பின் பயன்கள்: கப்பல், விமானம்' என்று நோட்ஸில் உள்ளபடி எழுதிவிட்டுப் போகிறார்கள்.

கருவி வாங்கப் பணம் கேட்டு லெட்டர் எழுதினால் அது ஊர் சுற்றி வர நாளாகும். அம்பத்தூர், டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய ஊர். அங்கே பழைய சைக்கிள் சக்கரத்துக்கா பஞ்சம்? ரிப்பேர் கடையில் சொன்னால் அச்சின் இரண்டு பக்கமும் பைப் துண்டு வைத்துப் பிடி போட்டுத் தருவார்கள். ஒரு பிடியின் முனையைக் கயிற்றில் கட்டி மேலிருந்து தொங்கவிட்டு, அச்சைக் கிடைமட்டமாகப் பிடித்துச் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுங்கள். மறுமுனையை விட்டால் என்ன ஆகும்?

"விழுந்துரும் சார்."

விடுவேன். விழாது. அச்சு கிடைமட்டமாகவே நின்று, கயிற்றைச் சுற்றி மெல்ல வட்டமிடும். வகுப்பு எழுந்து நின்றுவிடும். அடுத்த கேள்வியை அப்போதே போட வேண்டும். சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுழற்றினால் இந்த வட்டம் வேகமாகுமா, மெதுவாகுமா? பெரும்பாலான விரல்கள் 'வேகம்' பக்கம்தான் இருக்கும். சுழற்றிக் காட்டினால் வட்டம் மெதுவாகிறது. சக்கரம் ஓய ஓய வட்டத்தின் வேகம் கூடுகிறது.

இப்போது சூத்திரத்துக்கு அவர்களே வருவார்கள். திருப்பு விசையைக் கோண உந்தத்தால் வகுத்தால் வட்டமிடும் வேகம். எடை முழுவதும் ரிம்மில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆரம் 30 சென்டிமீட்டர், கயிற்றிலிருந்து சக்கரத்தின் நடு 10 சென்டிமீட்டர், சுழற்சி நொடிக்கு 3 முறை. ஒரு வட்டத்துக்கு ஏறக்குறைய 11 நொடி. சுழற்சி பாதியானால் ஐந்தரை நொடி. செல்போனில் ஸ்டாப் வாட்ச்சை வைத்துச் சரிபார்க்கிறார்கள். விடை துல்லியமாகப் பொருந்தாது, ஹப்பிலும் கம்பிகளிலும் கொஞ்சம் எடை உண்டு, கயிறும் சாயும். ஏன் பொருந்தவில்லை என்ற அந்தப் பேச்சுதான் உண்மையில் பொறியியல் வகுப்பு.

இதற்கு ஒரு பீரியட் முழுசாகப் போய்விடும். ஸ்டாஃப் ரூமில் உடனே வரும் கேள்வி, "போர்ஷன் எப்ப சார் முடிப்பீங்க?" நியாயமான கேள்விதான். லாக் புக் எழுத வேண்டும், சி.ஓ.–பி.ஓ. மேப்பிங் நிரப்ப வேண்டும், மாடல் எக்ஸாம் தேதி வந்துவிடும். அதைவிட முக்கியம், செமஸ்டர் வினாத்தாள் இந்தப் பந்தையோ சக்கரத்தையோ கேட்பதில்லை. இரண்டு மதிப்பெண்ணில் 10, பதிமூன்றில் 5, பதினைந்தில் 1, ஆக 100. பதிமூன்று மதிப்பெண் என்றால் முறுக்கு ஊசலின் படத்தைப் போட்டு, சமன்பாட்டை வரிவரியாக வருவித்து, விடையைச் சுற்றிக் கட்டம் கட்டுவது. மனப்பாடமாக எழுதிய பையன் முழு மதிப்பெண் வாங்குவான். ஊசலின் கம்பியைப் பாதியாக வெட்டினால் அலைவு நேரம் கூடுமா குறையுமா என்று அதே பையனை வைவாவில் கேட்டுப் பாருங்கள்.

மாணவர்களின் தரம் சரிந்துவிட்டது என்று புலம்பும் சக ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கேட்டதைப் படிக்கிறார்கள். நாம் கேட்பது மனப்பாடத்தைத்தான். பல்கலைக்கழக வினாத்தாளை மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தேர்வுப் பாடங்களுக்கு 100-ல் 40 அகமதிப்பீடு, நம் கல்லூரியே போடுவது. இந்த வட்டாரத்தில் தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. முழு வினாத்தாளும் அவர்கள் கையில். இன்டர்னல் தேர்விலும் பழைய செமஸ்டர் கேள்வியையே திருப்பிப் போடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தேர்விலும் வருவித்தல் இல்லாத, என்ன நடக்கும், ஏன் என்று கேட்கும் ஒரு கேள்வியாவது வைக்கலாம். அதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவையில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை இந்த வருடம் பதினொன்றில் இருந்தால், பரீட்சை மதிப்பெண்ணை விசாரிப்பதற்கு முன் பள்ளியில் எந்தப் புத்தகம் நடக்கிறது என்று விசாரியுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் என்றால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். அரசு இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலை வீட்டிலாவது படிக்கச் சொல்லுங்கள். நியூட்டன் விதிகளில் தொடங்கினால் போதும்.

அடுத்த வாரம்: ரெக்கார்ட் நோட்டும் ஆய்வகமும்.

(தொடரும்)