நோக்கியாவை நம்பியவர்களுக்கு என்ன நடந்தது? ‘நம்ம ஊர் போன்’ கைவிட்ட கதை

ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போகும்போது டார்ச், வேலை முடிந்ததும் வீட்டுக்குச் சொல்ல ஒரு போன். சேத்தூர், ராஜபாளையம் பக்கம் நோக்கியா 1100-ஐ பலர் இன்னும் மறக்காததற்கு இதுதான் காரணம். 2003-ல் வந்த அந்த மாடல் உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்றது. 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா போன்கள் தயாராகின.

கீழே விழுந்தாலும் உடையாது, சார்ஜ் நிற்கும், அதோடு நம்ம ஊரில் செய்தது. அந்த நம்பிக்கையில் ‘அடுத்த போனும் நோக்கியாதான்’ என்று வாங்கியவர்கள் ஏராளம். கடைசியில் அதிகம் அடி வாங்கியதும் அவர்கள்தான். அவர்கள் கையில் இருந்த போன் நன்றாகத்தான் இருந்தது. மேலே எடுத்த முடிவுகள்தான் அதைப் பயனில்லாமல் ஆக்கின. எப்படி? பார்க்கலாம்.

2011-ல் எடுத்த முடிவு என்ன?

நோக்கியா ஸ்மார்ட்போன்களை இயக்கிய மென்பொருள் சிம்பியன். ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்த பிறகு அது பின்தங்கியது. ஏதாவது செய்தே ஆக வேண்டிய நிலை.

2011 பிப்ரவரி 11-ம் தேதி, மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போன் மென்பொருளுக்கு மாறப் போவதாக நோக்கியா தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீஃபன் எலோப் அறிவித்தார். அதே சமயம், இன்னும் 15 கோடி சிம்பியன் போன்களை விற்கும் திட்டத்தையும் நிறுவனம் சொன்னது. அதாவது, எதிர்காலம் இல்லை என்று தானே அறிவித்த மென்பொருளில் ஓடும் போன்களைத் தொடர்ந்து கடையில் வைத்து விற்றது. கடைக்குப் போய் ‘நோக்கியா கொடுங்க’ என்று கேட்டவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

லூமியா வாங்கியவர்கள் நிலை?

சரி, புதுசுக்கு மாறிடலாம் என்று லூமியா வாங்கியவர்களுக்காவது நல்லது நடந்ததா? அதுவும் இல்லை.

லூமியா 800 இந்தியாவுக்கு வந்தது 2011 நவம்பரில். 2012 ஜூனில் விண்டோஸ் போன் 8 அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே விற்ற லூமியாக்களுக்கு அது கிடைக்காது, 7.8 என்ற சின்ன அப்டேட் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். வாங்கி 7 மாதம்கூட ஆகாத போன் பழசாகிவிட்டது. அதே 2012-ல், 14 ஆண்டுகள் வைத்திருந்த உலகின் முதலிடத்தை நோக்கியா சாம்சங்கிடம் இழந்தது.

ஆப் ஒவ்வொன்றாக நின்றது எப்போது?

வாட்ஸ்ஆப் கணக்கை மட்டும் பார்த்தாலே புரியும்.

* சிம்பியன் எஸ்60 போன்கள்: 2017 ஜூன் 30-உடன் நிறுத்தம்
* நோக்கியா எஸ்40 போன்கள்: 2018 டிசம்பர் 31
* விண்டோஸ் போன்கள்: 2019 டிசம்பர் 31

பேட்டரி நல்லா இருக்கும், டிஸ்ப்ளே நல்லா இருக்கும். ஆனா குடும்ப குரூப்பில் ஒரு மெசேஜ்கூட பார்க்க முடியாது.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஏன் மூடப்பட்டது?

2013 செப்டம்பரில் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. 2014 ஏப்ரலில் கைமாறியது. வருமான வரித்துறையுடன் இருந்த பெரிய வழக்கால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. கொஞ்ச காலம் ஒப்பந்த அடிப்படையில் மைக்ரோசாஃப்ட்டுக்குத் தயாரித்துக் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தமும் முடிக்கப்பட, 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. அடுத்த ஆண்டே, நோக்கியாவை வாங்கிய கணக்கில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியது மைக்ரோசாஃப்ட்.

திரும்பி வந்தது அதே நோக்கியாவா?

பெயர் அதேதான். ஆள் வேறு. 2016 முதல் நோக்கியா பெயரை உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது எச்எம்டி குளோபல் என்ற பின்லாந்து நிறுவனம். 2017-ல் 3310 மாடலைப் புது வடிவில் கொண்டுவந்து பழைய பாசத்தைக் கிளறியது. ஆண்ட்ராய்டு போன்களுக்குச் சொன்னபடி அப்டேட் வரும் என்பதுதான் அதன் பெரிய விளம்பரம். ஆனால் இந்தியாவில் 49,999 ரூபாய்க்கு வந்த நோக்கியா 9 பியூர்வியூ போனுக்கு, எதிர்பார்த்த ஆண்ட்ராய்டு 11 வராது என்று பின்னர் கைவிரித்தது. 2024 முதல் எச்எம்டி சொந்தப் பெயரிலேயே போன் விற்கத் தொடங்கியது.

இப்போ போன் வாங்குறவங்க என்ன பார்க்கணும்?

பிராண்ட் பெயரை விட முக்கியமானது, எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்ற வாக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட், 7 ஆண்டு உதிரிபாகம் தர வேண்டும். இந்தியாவில் அப்படி ஆண்டுக்கணக்கை நிர்ணயித்த சட்டம் இல்லை. அதனால் நாமதான் கேட்டு வாங்கணும்.

* ஆண்ட்ராய்டு அப்டேட் எத்தனை வருஷம், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 மாடல்களுக்கு 7 ஆண்டு என்று சொல்லப்பட்டிருக்கிறது. விலை குறைந்த போன்களில் இது மிகவும் குறையும்.
* அந்த வருஷம் நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல, மாடல் வெளியான நாளிலிருந்துதான் பெரும்பாலும் கணக்கு. ஆஃபரில் வரும் 2 வருஷப் பழைய மாடலுக்கு 2 வருஷம் ஏற்கெனவே போய்விட்டது.
* விளம்பரத்தில் சொன்ன வாக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.
* சொன்னது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. பிரச்சினை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.